தலைமன்னார்ப் பக்கம் சாய்கிறவர்

கண்ணை மூடிச் செபிக்க வேண்டிய நேரத்தில் நான் கண்ணைத் திறந்து வைத்திருந்தேன். அதனால்தான் அதைக் கண்டேன்.

தவக்காலத்தின் முதல் வெள்ளி, பின்னேரம். கோயிலில் ஆண்டவருடைய பாடுகளைச் சொல்லும் பசாம் படித்து முடிந்து எல்லோரும் எழுந்து நின்று மௌனமாக மன்றாடிக்கொண்டிருந்தார்கள். வெளியே காற்று சட்டென்று விழுந்துவிட்டது. மன்னாரில் காற்று நின்றால் காது அடைத்துக்கொண்டதுபோல இருக்கும். ஆண்கள் பக்கத்துக் கடைசி வரிசையில் அப்பா கைகூப்பி, கண்மூடி நின்றார். அவர் சாய்ந்துகொண்டிருந்தார். தூங்கி விழுகிறவருக்குத் தலைதான் முதலில் விழும். இவர் கணுக்காலிலிருந்து உச்சந்தலைவரை ஒரே துண்டாக, நட்டு வைத்த கம்பை யாரோ கயிறு போட்டு மெல்ல இழுப்பதுபோல, இடது பக்கம் போய்க்கொண்டிருந்தார். நான் கூப்பிட வாயெடுக்கவும் அவர் கண்ணைத் திறந்தார். உடனே நிமிர்ந்தார். அதற்குப் பிறகு மெதுவாகத் திரும்பித் தனக்குப் பின்னால் பார்த்தார்.

பின்னால் சுவர்தான் இருந்தது.

நான் அடம்பன் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் விளையாட்டு ஆசிரியை. பயிற்சி முடித்து வந்து கனகாலம் இல்லை; படித்ததையெல்லாம் யார்மீதாவது செய்து பார்த்துவிட வேண்டும் என்ற அந்தரம் இன்னும் தீரவில்லை. மனிதர் விழாமல் நிற்பதற்கு மூன்று இடங்களிலிருந்து செய்தி போக வேண்டும்: கண், உட்காது, பிறகு பாதமும் மூட்டுகளும். ஒன்று தளர்ந்தால் மற்றவை ஈடுகட்டும். நடுவயதைத் தாண்டினால் மூன்றுமே மெல்ல மெல்லச் சோம்பத் தொடங்கும், பழக்கினால் பெரும்பாலும் திரும்ப விழிக்கும். இதைப் பரீட்சைக்காகப் பாடமாக்கி எழுதிவிட்டு மறந்திருந்தேன். அன்று கோயிலில், மற்றவர்கள் கண்ணைத் திறப்பதற்கு முன்பே, இந்த மனிசனை நான் பழக்கப்போகிறேன் என்று முடிவெடுத்துவிட்டேன். அதுவும் பெரிய வெள்ளிக்கு முன்பு.

பெரிய வெள்ளிக்கு முன்பு என்றதற்குக் காரணம் ஏணி. எங்கள் ஊரில் ஆண்டவருடைய பாடுகளைச் சுரூபங்களை வைத்துக் காட்டுவார்கள். சிலுவையில் அறைந்த சுரூபத்தைப் பெரிய வெள்ளி பின்னேரம் ஓர் உண்மையான உடலை இறக்குவதுபோலவே இறக்குவார்கள். ஆளுயர மரச் சுரூபம், தோளில் பிணைச்சல் வைத்தது. இரண்டு ஏணிகளில் இரண்டு பேர் ஏறி ஆணிகளைக் கழற்ற, கீழே ஒருவர் நின்று உடலை நெஞ்சோடு அணைத்து வாங்கி, ஆசந்தி என்று நாங்கள் சொல்லும் பாடையில் கிடத்துவார். வலப்பக்க ஏணிக்காரர் முள்முடியையும் எடுக்க வேண்டும். எடுக்கும்போது ஆண்டவருடைய முகத்தைப் பார்க்கக் கூடாது. கண்ணை மூடிக்கொண்டு, விரலால் தடவித்தான் எடுக்க வேண்டும். யார் வைத்த வழக்கம் என்று ஒருவருக்கும் தெரியாது, மீறியவரும் இல்லை. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து வலப்பக்க ஏணி அப்பாவுடையது.

கண்ணை மூடினால் சாய்கிற ஒருவர், ஏணியின் உச்சியில், இரண்டு கையையும் எடுத்துவிட்டுக் கண்ணை மூடப்போகிறார். அறுபதை எட்டிப் பிடிக்கிற வயதில்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"அப்பா, கோயிலிலை சாஞ்சனீங்கள்."

"கால் மரத்துப்போச்சு."

"பேந்து ஏன் பின்னாலை பாத்தனீங்கள்?"

அவர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குசினிக்குள் இருந்து அம்மாதான் பதில் சொன்னார்.

"கிணத்தடியிலையும் இப்பிடித்தான். முகத்துக்குச் சவுக்காரம் போட்டுக்கொண்டு நிண்ட மனிசன், அப்பிடியே போய்க் கிணத்துக் கட்டிலை மோதினார். கேட்டால் ஆரோ தள்ளினதாம்."

"ஆர் தள்ளினது?"

"கிணத்தடியிலை ஆர் நிக்கிறது? ரெண்டு கழுதைதான் நிண்டது."

"கழுதை இல்லை," என்றார் அப்பா. இன்றைக்கு என்ன மீன் பட்டது என்று சொல்லும் அதே குரல். "கை. விரிச்ச கை. நடு முதுகிலை."

யாருடைய கை என்று நாங்கள் கேட்கவில்லை. அப்பாவுடன் ஒரே வள்ளத்தில் தொழில் செய்த கூட்டாளி ஒருவர் இருந்தார். சில வருடங்களுக்கு முன்பு, தலைமன்னாருக்கு அப்பால் தீடைகள் என்கிற மணல்திட்டுகளின் பக்கம் வலை விட்டுத் திரும்பி வரும்போது, அப்பா முன்னால் கரையைப் பார்த்தபடி இருந்தார், கூட்டாளி பின்னால் எஞ்சினைப் பிடித்திருந்தார். ஏதோ கேட்க அப்பா திரும்பினார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஆள் இல்லை. உடல் எந்தக் கரையிலும் ஒதுங்கவில்லை. அதற்குப் பிறகு அப்பா கடலுக்குப் போவது குறைந்து குறைந்து நின்றே போயிற்று. இப்போது கரையில் மீன் உலர்த்தும் வாடியில் வேலை. கண்ணை மூடினால் முதுகில் கை.

எனக்குப் பேயிலும் ஆவியிலும் நம்பிக்கை கிடையாது. அதை நிரூபித்துவிடலாம் என்று சனிக்கிழமை மத்தியானம் அறையிலிருந்த கதிரைகளை ஓரத்துக்குத் தள்ளினேன். பாதங்களைச் சேர்த்து வைத்து, கைகளை மார்பில் கட்டி, கண்ணை மூடச் சொன்னேன். விழுந்தால் பிடிக்கப் பக்கத்தில் நின்றேன். கண் மூடிக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, இடது பக்கம் சாய்ந்தார். பிடித்து நிமிர்த்தினேன். இடது காலில்தான் பிழை என்று எனக்கு ஒரே சந்தோசம். சரியாகப் பார்ப்போம் என்று அவரை மறுபக்கம் திருப்பி நிறுத்தினேன். இப்போது வலது பக்கம் சாய்ந்தார்.

குசினி வாசலில் அகப்பையோடு நின்று பார்த்த அம்மாதான் கண்டுபிடித்தார்.

"இடமும் வலமும் பாக்கிறாய். எந்தத் திக்கெண்டு பாத்தனியே?"

நான் பார்த்தேன். இரண்டு முறையும் தலைமன்னார்ப் பக்கம். இன்னும் ஒரு முறை, சுவரைப் பார்த்தபடி நிறுத்திவைத்தேன். முதுகு தலைமன்னாருக்கு. அவர் பின்னால் சாய்ந்தார், ஒரு கதவு தன்பாட்டில் திறப்பதுபோல. பிடித்த என் கைகளில் அவருடைய பாரம் முழுவதும் வந்தது. பட்டப்பகலில் எனக்குக் கை மயிர் சிலிர்த்தது.

நான் விடவில்லை. ஓடிப்போய்ப் பஞ்சு எடுத்து வந்து அவருடைய காதுகளை இறுக்க அடைத்தேன். மறுபடி கண்ணை மூடவைத்தேன். இந்த முறை அவர் திக்கில்லாமல் ஆடினார், இங்கும் அங்கும். பிடி கிடைத்துவிட்டது.

"பாத்தீங்களே அம்மா? எங்கடை வீட்டிலை கடல் சத்தம் கூடுதலாய்க் கேக்கிறது அந்தப் பக்கத்தாலைதான். கண் இல்லாட்டி உடம்பு காதைப் பிடிச்சுக்கொண்டு நிக்கப் பாக்குது. சத்தம் வாற பக்கம் சாயுது. அவ்வளவுதான்."

"அதைத்தானே நானும் சொல்லுறன்," என்றார் அம்மா. "அந்தப் பக்கத்தாலை அவருக்குக் கேக்குது."

அப்பாவுக்கு ஒன்றும் கேட்டிருக்காது, காதில் பஞ்சு. எங்கள் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்த வெள்ளி நான் பாடசாலை விட்டு வந்தபோது முன்னறையில் அம்மா முழங்காலில் நின்றார். பக்கத்து வீட்டு அக்காவும் முழங்காலில் நின்றார். இருவருக்கும் முன்னால் மெழுகுதிரி எரிந்தது. சீமெந்து நிலத்தில் இரத்தம்.

இரத்தத் துளி அல்ல, பாதம். வலது பாதம் மட்டும். குசினி வாசலில் தொடங்கி, திருஇருதயப் படம் வைத்த பீடம்வரை வந்து, அங்கே ஒரு முறை அழுத்தமாகப் பதிந்திருந்தது. குதிக்கால் நல்ல சிவப்பு, விரல்கள் மங்கல். அம்மா அதன்மேல் கண்ணாடிக் கோப்பை ஒன்றைக் கவிழ்த்து வைத்திருந்தார்.

"துடைச்சுப்போடாதை பிள்ளை," என்றார் அக்கா, சத்தமில்லாமல். "பங்குச் சுவாமி வந்து பாக்கட்டும். வெள்ளிக்கிழமை. தவக்காலம். காலிலை காயம்."

சிரிக்கலாம் என்றுதான் நினைத்தேன். சிரிப்பு வரவில்லை. வீட்டில் ஒரு சத்தமும் இல்லை, வெளியே பனை ஓலைகூட அசையவில்லை. அப்போதுதான் பீடத்தடியில் தடம் முடியவில்லை என்று கண்டேன். மேசைக்குப் பின்னால் திரும்பி, மங்கிக்கொண்டே, அறைக்குள் போயிருந்தது. நான் பின்னால் போனேன்.

அப்பா மத்தியான நித்திரையில் இருந்தார். வலது கால் கட்டிலுக்கு வெளியே நீட்டியிருந்தது. குதிக்காலில், என் சுண்டுவிரல் நீளத்துக்கு, கெளுத்தி மீனின் காய்ந்த முள் ஏறியிருந்தது. வாடியில் மிதித்திருக்க வேண்டும். அதோடு நடந்து வந்து, குசினியில் தண்ணீர் குடித்து, பீடத்தில் சிலுவை அடையாளம் போட்டு, வந்து படுத்திருக்கிறார். முள்ளைத் தொட்டேன். அவர் அசையவில்லை. பிடித்து இழுத்தேன். உள்ளே இருந்து அது வந்த விதத்தில் எனக்குப் பல் கூசியது. அவருடைய மூச்சு மாறவே இல்லை. உயிரோடு இருக்கும் மனிதரில் செத்துப்போன ஒரு துண்டைத் தொட்டுவிட்டேன் என்று தோன்றியது.

வாசலில் வந்து நின்ற அக்கா முள்ளைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். பிறகு திரும்பிப் போய் மெழுகுதிரியை விரலால் நசித்து அணைத்தார்.

"பாதிதான் எரிஞ்சது," என்று அம்மாவிடம் கொடுத்தார். "உத்தான ஞாயிற்றுக்குக் கொழுத்தலாம்."

மறுநாளே மன்னார் ரவுணுக்குக் கூட்டிப்போனோம். பெண் டொக்டர் ஒருவர் இரத்தம் பார்த்தார். சீனி வருத்தம் என்கிற நீரிழிவு, எத்தனை காலமாக இருக்கிறதோ தெரியாது என்றார். காயத்துக்கு மருந்து கட்டிவிட்டு, ஒரு மெல்லிய நைலோன் நூலை எடுத்தார். தூண்டிலுக்குக் கட்டும் தங்கூசி மாதிரியே இருந்தது. கண்ணை மூடச் சொல்லி, பாதத்தில் தொடும்போதெல்லாம் "ஓம்" சொல்லச் சொன்னார். அவர் தொட்டார், அப்பா பேசாமல் இருந்தார். இன்னோர் இடத்தில் தொட்டார், பேச்சில்லை. பிறகு டொக்டர் நூலை மேசையில் வைத்துவிட்டு எழுதத் திரும்பினார்.

"ஓம்," என்றார் அப்பா. "இப்ப தொட்டனீங்கள்."

டொக்டர் மேசையில் கிடந்த நூலைத் திரும்பிப் பார்த்தார்.

"உங்கடை கால் செய்தி அனுப்பிறேல்லை ஐயா," என்று அவர் பொறுமையாகச் சொன்னார். "இப்ப கண்தான் எல்லா வேலையும் செய்யுது. கண்ணையும் மூடினால் அங்கை ஒருத்தரும் இல்லை. போன உணர்ச்சி முழுசாய்த் திரும்பாது. ஆனால் கால் தசையைப் பலப்படுத்தலாம், நிக்கிறதைப் பழக்கலாம். சீனியைக் குறைக்கவேணும். வெறுங்காலோடை நடக்கக் கூடாது, ஒவ்வொரு நாளும் ஆராவது பாதத்தைப் பாக்கவேணும். ஏணி, கதிரை, ஒண்டிலையும் ஏறக் கூடாது."

பஸ் தாராபுரத்தைத் தாண்டியது. அப்பா யன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னார்.

"ஒருத்தரும் இல்லையெண்டு டொக்டர் சொல்லுறா. ஒருத்தரும் இல்லாத இடத்திலைதான் பிள்ளை அவன் நிக்கிறான்."

பயிற்சி தொடங்கியது. கதிரையிலிருந்து கை ஊன்றாமல் எழும்பி, மெதுவாகத் திரும்ப உட்காருவது. குசினி மேசையை விரல் நுனியால் தொட்டுக்கொண்டு குதிக்காலை உயர்த்தி நிற்பது. ஒரு பாதத்துக்கு முன் மற்றப் பாதத்தை ஒட்டி வைத்து அறைக்குள் நடப்பது, பின்னால் வார் வைத்த செருப்போடு. தலையை இரண்டு பக்கமும் திருப்பிக்கொண்டு நடப்பது. அப்பாவின் உடம்பில் நான் எதிர்பாராத ஒன்று இருந்தது. தடுமாறினால் நிலத்தில் நிற்கிறவர் காலை எட்டி வைத்துத் தாங்குவார். இவர் முழங்காலைத் தளர்த்தி, இடுப்பை ஒரு பக்கம் விட்டு, வள்ளத்தில் நிற்கிற மாதிரி அலையோடு போவார். அலை இல்லை. சீமெந்து நிலத்தில், பூட்டிய வீட்டுக்குள், அவருக்கு மட்டும் ஓர் அலை வந்து போய்க்கொண்டிருந்தது.

"காலை வையுங்கோ அப்பா. சாஞ்சால் எட்டி வையுங்கோ."

"வள்ளத்திலை எட்டி வைச்சால் தண்ணிக்குள்ளைதான் வைக்கவேணும்."

"இது வள்ளம் இல்லை."

"அது உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். காலுக்குச் சொல்லு."

அம்மா கதவில் சாய்ந்து நின்று பகிடி விட்டுக்கொண்டிருந்தார். "கொக்குக்கு ஒற்றைக் கால் காணும், இந்த மனிசனுக்கு ரெண்டும் காணாது."

"நீர் வந்து நில்லும் பாப்பம்," என்றார் அப்பா.

அம்மா சேலையைச் செருகிக்கொண்டு வந்து ஒற்றைக் காலைத் தூக்கினார். தூக்கியது பாதி, அலுமாரியைப் பிடித்தது மீதி. சீனி இல்லை, நோய் இல்லை, கண் திறந்திருந்தது. ஐம்பதைத் தாண்டிய எத்தனையோ பேரைப்போல அம்மாவும் வருடக்கணக்காக ஒற்றைக் காலில் நின்று பார்த்ததில்லை, அவ்வளவுதான். முகம் மாறிவிட்டது. அடுத்த நாளிலிருந்து அவரும் சேர்ந்துகொண்டார். பின்னேரங்களில் இருவரும் குசினி மேசையின் இரண்டு முனையைத் தொட்டுக்கொண்டு, ஒரு சொல்லும் பேசாமல், குதிக்காலில் எழுந்து எழுந்து இறங்குவார்கள். வெளியிலிருந்து யன்னலால் பார்க்கிறவர்களுக்கு அது என்னவாகத் தெரிந்திருக்குமோ.

டொக்டர் என்ன சொன்னாலும் ஏணியை விடமாட்டேன் என்று அப்பா பிடிவாதமாக நின்றதால், குருத்து ஞாயிற்றுக்கு முந்திய பின்னேரம் கோயிலுக்குப் போனோம். கோயில் காரியங்களைப் பார்க்கும் சங்கிலித்தாம் ஏணியை ஏற்கெனவே சுரூபத்துக்குப் பக்கத்தில் சாத்தி வைத்திருந்தார். ஊர் முழுக்க அப்பாவின் சாய்வு தெரிந்துவிட்டது. ஏணியை ஓர் இளம் ஆளுக்குக் கொடுக்கச் சொல்லிக் கதை நடக்கிறது என்று அவர் மறைக்காமல் சொன்னார்.

"முதல் நிலத்திலை நிண்டு காட்டும்," என்றார் அப்பாவிடம்.

அப்பா பீடத்துக்கு முன்னால் நின்று கண்ணை மூடினார். நான் மனதுக்குள் ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொல்லி முடிக்கும்வரை நின்றார். ஆடினார், ஆனால் நின்றார். தவக்காலத் தொடக்கத்தில் அதில் பாதிகூட நிற்காதவர். சங்கிலித்தாம் தலையசைத்தார். எனக்கு ஏணியில் ஏறி மணி அடிக்கலாம்போல இருந்தது.

"ஏணியிலையும் பாப்பம்," என்றார் அப்பா.

"பொறுங்கோ. முதல் நான் ஏறிப் பாக்கிறன்," என்றேன். அங்கே உடம்புக்கு என்ன நடக்கிறது என்று அறிய ஆசை. பெண்பிள்ளை ஏறுவதா என்று சங்கிலித்தாம் தயங்கினார், பிறகு கோயில் கதவைச் சாத்தினார்.

முள்முடிக்குக் கை எட்டும் உயரம்வரை ஏறினேன். சுரூபத்தின் தலை என் பக்கம் சரிந்திருந்தது. பழைய எண்ணெய் மணம். முகத்தைப் பார்க்கவில்லை. கண்ணை மூடினேன். இரண்டு கையையும் ஏணியிலிருந்து எடுத்து முன்னால் நீட்டினேன்.

எனக்கு இளம் வயது, பாதத்தில் ஒரு குறையும் இல்லை, மாணவர்களுக்குச் சமநிலை கற்பிக்கிறவள் நான். முடியில் விரல் படுவதற்குள் என் நடு முதுகில் ஒரு கை வந்தது. விரித்த கை. தள்ளவில்லை, வைத்தது. உயரத்தில், குறுகிய தடியில், கண்ணை மூடிக் கையை நீட்டினால் உடம்பின் பாரம் முன்னால் போகும். அதை உடம்பு பின்னாலிருந்து வரும் அழுத்தமாக உணரலாம். இந்த வசனம் முழுவதும் அந்தக் கணத்திலேயே என் தலைக்குள் ஓடியது. ஓடியும் நான் கண்ணைத் திறந்து, ஏணியை இறுக்கிப் பிடித்து, திரும்பிப் பின்னால் பார்த்தேன்.

கீழே அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கையா?" என்றார்.

"ஓம் அப்பா."

அவர் சிரித்தார். கூட்டாளி போனதற்குப் பிறகு அப்படி ஒரு சிரிப்பை நான் அவரிடம் கண்டதில்லை. "அப்ப எனக்கு விசரில்லை," என்றார்.

நான் இறங்கி வந்தேன். "அப்பா, எனக்கே அங்கை நிக்கேலாது. நீங்கள் ஏறக் கூடாது. கண்ணைத் திறந்துகொண்டு ஏறுறதெண்டால் வேறை கதை."

"அது ஏலாது," என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

அப்பா ஏணியின் சட்டத்தில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். ஏணியை விட்டுக்கொடுக்கப்போகிறார் என்று தெரிந்தது. விடுவது அவருக்கு என்ன என்றும் தெரிந்தது. பிறகு சங்கிலித்தாமிடம் திரும்பினார்.

"ஏணியை அந்தப் பெடியனுக்குக் குடும். நான் கீழை நிண்டு வாங்குறன். வாங்குறவன் கண்ணை மூடத் தேவையில்லைத்தானே."

"தேவையில்லை. ஆனால் யோசியும். பாரம் முழுக்க உம்மடை நெஞ்சிலை வரும். பேந்து அதோடை பீடத்துப் படி இறங்கவேணும். நீர் விழுந்தால் ஆண்டவரும் சேர்ந்துதான் விழுவார்."

"அதுக்குத்தான் மகள் இருக்கிறாளே," என்றார் அப்பா.

சங்கிலித்தாம் புதன்கிழமை வரை தவணை தந்திருக்கிறார். அன்றைக்குச் சுரூபத்தையே இறக்கிப் பார்ப்பார்கள். அதற்குள் நாளைப் பின்னேரம் வீட்டு வேம்பில் இரண்டு ஏணிகளைச் சாத்தப்போகிறேன். சாக்கில் பாதிக்கு மணல் கட்டி, அம்மாவின் பழைய வெள்ளைத் துணியில் சுற்றி, நானும் பக்கத்து வீட்டு அக்காவும் மேலிருந்து இறக்குவோம். அப்பா கால்களை அகட்டி, செருப்போடு, கண்ணைத் திறந்து கீழே நிற்பார். அம்மா அவருக்குப் பின்னால், தொடாமல். தடுமாறினால் அலையோடு போகாமல் ஓர் அடி எட்டி வைக்கிறாரா என்று பார்க்க வேண்டும். மூட்டையை எந்த நேரம் விடுவேன் என்று மட்டும் அவருக்குச் சொல்லப்போவதில்லை.